மேனேஜருக்கு ஒரு அறை

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகன் எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும், குளியலறையில் நின்று முணுமுணுத்தாலும் சமையலறையில் கேட்கும். அதோடு போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழும், மீதிக்கு நான் கத்த வேண்டும். இது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

எங்களிடம் ஒரு ஆமை இருக்கிறது, அத்தை. நான் லிஃப்ட் பழுது பார்க்கப் போகும் ஒரு குடியிருப்பில் மேல்மாடிக்காரர் வெளிநாட்டுக்குக் குடிபோனார். வளர்ப்பதற்கான அனுமதிக் காகிதத்தோடு ஆமையையும் என் கையில் கொடுத்து, "உங்களப் பாத்தா பொறுமையான ஆளாத் தெரியுது" என்றார். அப்படிச் சொன்னால் நான் விழுந்துவிடுவேன் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. உங்கள் மகள் முதல் நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். முன்னால் நின்று எதையாவது கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, பின்னால் போனால் பின்கதவைச் சாத்திக்கொள்கிறது, அச்சு அசல் எங்கள் மேனேஜர்தான் என்றாள்.

பின்கதவு என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த வகை ஆமைக்கு ஓட்டின் பின்பகுதியில் நிஜமாகவே ஒரு கீல் இருக்கிறது. பயம் வந்தால் அந்தப் பகுதி கீழே மடங்கி, பின்னங்கால்களையும் வாலையும் மூடிவிடும். கீல் ஆமை என்கிறார்கள். தினமும் லிஃப்ட் கதவோடு மல்லுக்கட்டுகிறவன் நான், இவ்வளவு ஒழுங்காக மூடும் கதவை எங்கேயும் பார்த்ததில்லை.

நான் செய்த தப்பு, கடைக்காரர் பேச்சைக் கேட்டது. கண்ணாடிப் பெட்டி, காய்ந்த மணல், தலைக்கு மேலே கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, தின்ன முட்டைக்கோஸ். ஆமை என்றால் பாலைவனம் என்று நானும் நம்பிவிட்டேன். மேனேஜர் ஒரு மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது, கண் வீங்கியது. பிராணி டாக்டர் பெட்டியின் போட்டோவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது காட்டு ஆமைங்க. நிழல்ல, ஈரத்துல, மக்கின இலைக்கு அடியில வாழ்றது. நீங்க அடுப்புல வெச்சிருக்கீங்க" என்றார். இருட்டு வேண்டும், ஈரம் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், காளான் என்றால் உயிரை விடும் என்று அவர் அடுக்க அடுக்க, என் கண் முன்னால் உங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் காளான் அறைதான் வந்து நின்றது.

அதை இங்கேயே செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். ஆமையின் உடம்பில் இயல்பாகவே ஒரு கிருமி இருக்குமாம். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அது ஆகாது, ஒரே வீட்டில் வைக்காதீர்கள் என்று உங்கள் மகளின் டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தை, அவள் உண்டாகியிருக்கிறாள். ஐந்தாம் மாதம். அவளே உங்களிடம் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். இனியும் சொல்லுவாள் என்று தோன்றவில்லை. நான் எழுதுவதும் அவளுக்குத் தெரியாது. பதிலை என் பணிமனை முகவரிக்குப் போடுங்கள், தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் மருமகன்

பிப்ரவரி 10

மாப்பிள்ளைக்கு,

பெற்ற மகள் உண்டாகியிருப்பதை ஒரு ஆமை வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதற்குக் கடமைப்பட்டவள். அனுப்புங்கள்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் வந்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது, அது பழகினது பாருங்கள்.

போன வருஷம் நடந்ததை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள், என் வாயாலும் கேளுங்கள். அவள் வேலை பார்க்கும் எக்ஸ்ரே கூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சைப் படம் எடுத்தாள். காளான் முற்றினால் வெள்ளையாக ஒரு தூள் பறக்கும். அது இத்தனை வருஷமாக என் நுரையீரலில் போய்ப் படிந்திருக்கிறதாம், என் இருமலுக்கு அதுதான் காரணமாம். அறையை மூடு என்றாள். மாட்டேன் என்றேன். "அந்த ரூம் இருக்கற வரைக்கும் உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள். "மிதிக்காட்டி போ, வாசப்படி தேயாம இருக்கும்" என்றேன். என் கண்ணையோ மூக்கையோ கொண்டு பிறந்திருக்கலாம், என் வாயைக் கொண்டு பிறந்தாள்.

ஆமைக்கு வருகிறேன். கடிக்குமா? சத்தம் போடுமா? வளர்த்தவரை அடையாளம் தெரியுமா? கடிக்காது, கத்தாது, வாலும் ஆட்டாது என்றால் அதை எதற்குத்தான் வளர்க்கிறீர்கள் என்று கேட்க வாய் வருகிறது. ஆனால் நான் வளர்க்கும் காளானும் இதில் ஒன்றையும் செய்வதில்லை.

அறை காலியாக இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வைக்கோல் அடைத்த பைகள் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்குகின்றன, எல்லாவற்றிலும் சிப்பிக் காளான் வெடித்துக்கொண்டு வருகிறது. கீழே ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்துத் தருகிறேன். என்னென்ன வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். உயிருள்ளதை வளர்ப்பது எனக்குப் புதிதில்லை, நகர்கிறதை வளர்ப்பதுதான் புதிது. ஒன்றை வளர்த்தேன், அது நகர்ந்தே போய்விட்டது.

அவளுக்குக் கால் வீங்குகிறதா? தூங்குகிறாளா? அவள் என் வயிற்றில் இருந்தபோது எலுமிச்சம்பழத்தைத் தவிர எதுவும் எனக்கு உள்ளே இறங்கவில்லை. நான் விசாரித்ததாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

அத்தை

பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

சாயங்காலத்தில் கால் வீங்குகிறது. நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னால் என்மேல் எரிந்து விழுகிறாள், ஐந்து நிமிஷம் கழித்துத் தானாகவே தூக்கி வைத்துக்கொள்கிறாள். தூக்கம் பரவாயில்லை. எக்ஸ்ரே இயந்திரத்துப் பக்கம் போகக் கூடாது என்று அவளை முன்மேசையில் ரசீது போட உட்கார வைத்திருக்கிறார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். மோந்து பார்த்துவிட்டு, "யாரு சொன்னா?" என்றாள். யாரும் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

மேனேஜருக்கு என்ன வேண்டும் என்று டாக்டரிடம் மறுபடியும் உட்கார்ந்து கேட்டு வந்தேன். தடுப்புப் பலகை மறுபக்கம் தெரியாததாக இருக்க வேண்டும். கண்ணாடி என்றால் அந்தப் பக்கம் போக வழி இருப்பதாக நினைத்து நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். பலகை உயரமாகவும் இருக்கட்டும், பார்க்கத்தான் சாது, ஏற ஆரம்பித்தால் விடாது. தரையில் மண்ணைப் போட்டு அதன்மேல் காய்ந்த இலையைக் கணுக்கால் புதைகிற அளவுக்குக் குவித்தால் அதற்குள் புகுந்துகொள்ளும். இலை ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது, அப்படி இருந்தால் ஓட்டின் அடிப்பக்கம் புண்ணாகிவிடும். உலர்ந்த இடமாக ஒரு ஓரமும் வேண்டும். அகலமான தட்டில் தண்ணீர், அதன் தாடை நனைகிற ஆழத்துக்கு. காளான், மண்புழு, நத்தை, கனிந்த பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் சாப்பிடும். தூக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. தூக்கினால் கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்குப் பட்டினி கிடக்கும்.

இங்கே தற்காலிகமாகப் பெட்டியில் மணலை எடுத்துவிட்டு ஈர இலை போட்டு, விளக்கையும் அணைத்துவிட்டேன். நேற்று பூவாளியால் மழை மாதிரி தண்ணீர் ஊற்றினேன். மேனேஜர் தலையை நீட்டி, நாலு காலையும் ஊன்றி எழுந்து, அந்த மழையில் அப்படியே நின்றது. உங்கள் மகள் கதவுக்கு வெளியே நின்றே பார்த்தாள், கிட்டே வரக் கூடாதே. "ஐயோ பாவம், இத்தன நாளா தாகத்தோட இருந்திருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கலங்குகிறது, நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு சங்கடம். உங்கள் அறை காளான் அறை என்றதும் டாக்டர் யோசித்தார். முற்றின காளானிலிருந்து பறக்கும் தூள் ஆமையின் நுரையீரலுக்கு ஆகாதாம். சளி பிடித்தால் இவற்றைக் காப்பாற்றுவது கஷ்டமாம். பைகள் தொங்கும் இடத்தில் விட வேண்டாம் என்கிறார். உங்கள் பிழைப்பில் கை வைக்க நான் யார், அத்தை? வேறு மூலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் வேறு இடம் பார்க்கிறேன், அதனால் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை.

உங்கள் மருமகன்

மார்ச் 1

மாப்பிள்ளைக்கு,

வேறு இடம் பார்க்க வேண்டாம். அறை தயார்.

பைகளை எல்லாம் இறக்கிவிட்டேன். ஒரே நாளில் முடித்தேன். விளைந்திருந்ததை வாடிக்கைக் காய்கறிக்காரர் எடுத்துக்கொண்டார், விளையாததைப் பைகளோடு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எருவுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். "என்னம்மா, திடீர்னு கடைய மூடிட்டீங்க?" என்று காய்கறிக்காரர் கேட்டார். விருந்தாளி வருகிறார், அவருக்குத் தூசு ஆகாது என்றேன். "பெரிய எடமா?" என்றார். மேனேஜர் என்றேன். அதற்கு மேல் மரியாதையாக ஒன்றும் கேட்கவில்லை.

தூக்கி இறக்கினதில் மூச்சு வாங்கியது. நடு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து செய்தேன். பரவாயில்லை.

இனி என் வேலையைக் கேளுங்கள். அறையைக் கூரையிலிருந்து தரை வரைக்கும் அலசினேன். தரையில் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தேன். பிறகு கதவு ஜன்னலை அடைத்துவிட்டு, புதுக் காளான் பைகள் தொங்கவிடுவதற்கு முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி ஃபார்மலின் புகை போட்டேன். ஒரு பூச்சி, ஒரு பூஞ்சணம் உயிரோடு இருக்காது. வாசனை மூக்கைத் துளைக்கிறது, அவ்வளவு சுத்தம். பூங்காவிலிருந்து இரண்டு சாக்கு இலை பொறுக்கி வந்து, வைக்கோலை வேக வைக்கும் டிரம்மில் போட்டு நன்றாக ஆவியில் வேக வைத்தேன். மண்ணையும் வறுத்துவிட்டேன். ஒரு மருத்துவமனையில்கூட உங்கள் ஆமைக்கு இப்படி ஒரு படுக்கை கிடைக்காது.

தச்சரிடம் சொல்லிப் பலகையை உயரமாகவே அடித்திருக்கிறேன். தண்ணீருக்கு என்னுடைய பெரிய பீங்கான் தட்டு. மண்புழுவுக்கு மட்டும் ஆள் தேட வேண்டும். அதை நான் கையால் தொடுவேனா என்று தெரியவில்லை, பார்க்கலாம்.

நீங்கள் கொடுத்த துண்டுச் சீட்டு எங்கேயோ போய்விட்டது. வீட்டு முகவரிக்கே போடுகிறேன். நான் என்ன காதல் கடிதமா எழுதுகிறேன், ஒளித்து ஒளித்து அனுப்ப.

எப்போது கொண்டு வருகிறீர்கள்?

அத்தை

மார்ச் 6

அத்தைக்கு,

முதலில் ஆமை விஷயம். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இந்த நிமிஷமே திறந்து போடுங்கள். ஃபார்மலின் புகை மேனேஜருக்கு விஷம், உங்களுக்கும்தான். டாக்டருக்குப் போன் போட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது. சில வாரம் காற்றாட விட்டு, வெறும் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டுமாம். வேக வைத்த இலையும் உதவாது. இலையோடு வருகிற புழு, பூச்சி, மண்ணில் ஊர்கிறது எல்லாம் இருந்தால்தான் அது கிளறித் தின்னுமாம். நீங்கள் காளானுக்குச் செய்கிற மாதிரியே செய்துவிட்டீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இனி வீட்டு விஷயம். உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தேன். அவள்தான் வாங்கியிருக்கிறாள். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் தனக்குத்தான் என்று நினைத்துப் பிரித்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "எங்கம்மா நெஞ்ச நானே படம் எடுத்தேன். கைய நடுங்காம வெச்சுக்கிட்டு எடுத்தேன். வெளிச்சத்துல பிடிச்சு, இது பாரும்மா, இது பாரும்மான்னு காட்டினேன். காதுல போட்டுக்கல. ஒரு ஆமையோட நுரையீரலுக்கு ஆகாதுன்னு நீங்க ஒரு வரி எழுதினீங்க, ஒரே நாள்ல காலி பண்ணிட்டாங்க." அப்புறம் ஒன்று கேட்டாள். "அப்ப நான் எதுல சேத்தி?"

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கோபப்பட்டால் எனக்குப் பழக்கம். இது பழக்கமில்லை.

உங்களிடம் மரியாதைக் குறைவாக நான் பேசினதில்லை, பேசவும் மாட்டேன். ஆனால் எனக்கும் வருத்தம்தான். நான் கேட்டது ஆமைக்கு இடம். நான் கேட்டதற்காக நீங்கள் அறையைக் காலி செய்யப் போய், அவள் கேட்டபோது செய்யவில்லையே என்று ஆகிவிட்டது. ஆமையைக் கொண்டு வருவதா வேண்டாமா என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

உங்கள் மருமகன்

மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

ஜன்னல் கதவு எல்லாம் திறந்தே கிடக்கிறது. தினமும் கழுவுகிறேன். வாசனை குறைந்திருக்கிறது. வேக வைத்த இலையைக் கொட்டிவிட்டு, மறுபடியும் பூங்காவுக்குப் போய் மரத்தடியில் கிடந்ததைப் புழுவோடு அள்ளி வந்தேன். காவலாளி இரண்டாம் தடவையாக என்னைப் பார்த்து ஏதோ கேட்க வந்தவர், முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷம் ஒரு புழு உள்ளே வராமல் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இப்போது புழு இருக்கிறதா என்று சாக்கைத் திறந்து திறந்து பார்க்கிறேன். ஒன்றைக் கையிலும் எடுத்துவிட்டேன். பார்க்கத்தான் ஒரு மாதிரி, மற்றபடி ஒன்றும் செய்யவில்லை.

சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிகிறது. சொல்லிவிடுகிறேன்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. படத்தை நான் பார்க்காமல் இல்லை. என் நெஞ்சுக்குள் மூடுபனி இறங்கின மாதிரி இருந்தது, அவள் விரல் வைத்துக் காட்டின இடமெல்லாம் நினைவிருக்கிறது. அவள் பொய் சொல்லுகிறாள் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. "அந்த ரூம மூடிட்டு நிம்மதியா உக்காரும்மா" என்றாள். உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டேன். டி.வி. பார் என்றாள். டி.வி.யில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குக் கேட்பதில்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் கத்தினேன்.

அவள் அப்பா போனார். அவள் கல்யாணமாகிப் போனாள், அது போக வேண்டியதுதான். அதற்குப் பிறகு காலையில் நான் எழுந்தே ஆக வேண்டும் என்று இருந்தது அந்தப் பைகளுக்காகத்தான். தண்ணீர் தெளிக்காவிட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்து சுருங்கிவிடும். மழையானாலும் காய்ச்சலானாலும் எழுந்திருக்க வேண்டும். இருமிக்கொண்டே போவேன், போனால் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கொத்து வெடித்து நிற்கும். எனக்காகக் காத்திருந்த மாதிரி இருக்கும். சிரிக்காதீர்கள்.

அவள் மூடு என்றாள். நீங்கள் மூடச் சொல்லவில்லை. ஒரு உயிருக்கு இடம் வேண்டும் என்று எழுதினீர்கள். மூடு என்றால் எனக்குக் கை வரவில்லை, ஒருவருக்கு ஒழித்துக் கொடு என்றால் வந்தது. இதில் ஆமை பெரிசு, மகள் சிறிசு என்று எதுவும் இல்லை. மகள் சிறிசு என்றால், அவள் எரிந்து விழுந்துவிட்டுப் போன அன்றிலிருந்து வாசல் பக்கம் யாராவது நடந்தால் நான் எதற்கு எட்டிப் பார்க்கிறேன்?

இதை அவளிடம் காட்டுங்கள், காட்டாமல் இருங்கள், உங்கள் இஷ்டம். ஆமையைக் கொண்டு வருவதென்றால் சீக்கிரம் வாருங்கள். அறையில் ஒன்றுமே இல்லை. பத்து நாளாகக் காலையில் கண் விழித்துவிட்டு, எதற்கு எழுந்திருப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அத்தை

மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. அவள் கையில் கொடுத்து, "நீயே படி" என்றேன். ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தாள். படித்துவிட்டு மடித்தாள், மறுபடியும் பிரித்தாள். "அம்மாவுக்கு டி.வி. கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, போனில் பாதி காதில் விழாததை லைன் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன் என்றேன். "எனக்கும் தெரியாது" என்றாள். "நெஞ்சுக்குள்ள இருக்கறத எல்லாம் படம் பிடிக்கறவ நான். இது தெரியல." பிறகு அழுதாள். நன்றாகவே அழுதாள், நான் தடுக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொன்னாள். அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன். "மேனேஜர் எங்கயும் போகல. நான் போறேன்."

விஷயம் இதுதான். கர்ப்பிணியும் ஆமையும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், ஆமைதான் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே என்கிறாள். அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு விடுப்பு. பிரசவத்துக்கும் அதற்குப் பிறகு குழந்தை கொஞ்சம் நிமிர்கிற வரைக்கும் அவள் உங்களோடு இருப்பாள். உங்கள் ஊரில் நல்ல மருத்துவமனை இருக்கிறதா என்று அவளே விசாரித்துப் பதிவும் செய்துவிட்டாள். நான் வாரக் கடைசியில் குளித்து முழுகி, துவைத்த சட்டையோடு வந்து போவேன்.

குழந்தையோடு அவள் இங்கே திரும்பி வருகிற நாளில் மேனேஜர் உங்கள் அறைக்குக் குடிவருவார். அதுவும் அவள் போட்ட கணக்குத்தான். அதற்குள் உங்கள் அறையில் ஃபார்மலின் வாடை சுத்தமாகப் போய்விடும், பூங்கா இலையும் நன்றாக மக்கிவிடும். "நாங்க கெளம்பினா அது வரும், அது கெளம்பினா நாங்க வருவோம். எங்கம்மா வீட்டுல ஒரு நாளும் யாரும் இல்லாம இருக்கக் கூடாது" என்றாள்.

நிபந்தனை இரண்டு. அவள் அங்கே வந்த வாரமே உங்கள் நெஞ்சை மறுபடியும் படம் எடுக்க வேண்டும். பின்பக்கத்து அறைச் சாவி அவளிடம் இருக்கும்.

குழந்தைக்கென்று வைத்திருந்த சின்ன அறை இப்போது மேனேஜருக்கு. பலகை அடித்து மண்ணும் இலையும் போட்டுவிட்டேன். ஆனால் ஈரம் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் நனைத்தால் சாயங்காலம் அப்பளமாக நொறுங்குகிறது, கூட ஊற்றினால் மூலையில் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. இத்தனை வருஷம் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? எனக்குக் கற்றுக்கொடுங்கள், அத்தை.

உங்கள் மருமகன்

ஏப்ரல் 22

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் இறக்கிவிட்டுப் போன சாமான்களை எல்லாம் எடுத்து வைக்கவே இத்தனை நாள் ஆகிவிட்டது. ஒருத்திக்கு இவ்வளவு தலையணை எதற்கு என்று கேட்டேன். இன்னும் ஒன்று வேண்டும் என்றாள்.

படம் எடுத்தாயிற்று. புதுசாக ஒன்றும் கூடவில்லை என்று டாக்டர் சொன்னார். படிந்தது படிந்ததுதான், ஆனால் இனி ஏறாதாம். இருமல் குறைந்திருக்கிறது, அதை அவள் காதுபட நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் கேட்காமல் இருக்கிறாள், இருமாத நேரத்தில் என்னை ஒரு பார்வை மட்டும் பார்க்கிறாள்.

உங்கள் ஈர விவகாரம். இலைமேல் தண்ணீரைக் கொட்டுவதை முதலில் நிறுத்துங்கள். ஈரம் தரையில் இருக்கக் கூடாது, காற்றில் இருக்க வேண்டும். பழைய சாக்குகளை நனைத்துப் பிழிந்து சுவர் ஓரமாகத் தொங்கவிடுங்கள். தெளிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தெளியுங்கள். ஜன்னலின் மேல்பக்கம் கையகல இடைவெளி எப்போதும் இருக்கட்டும், கீழே வேண்டாம், கீழே காற்றடித்தால் அதற்குச் சளி பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த இலையை மட்டும் கையோடு எடுத்துப் போடுங்கள், மண்ணை வறுக்கக் கிளம்பாதீர்கள். அந்தப் பாடம் எனக்குப் போதும்.

மேனேஜர் மண்புழுவைத் துரத்திக்கொண்டு ஓடியதாக எழுதியிருந்தீர்கள். ஆமை ஓடியது என்று நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன், வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். அதற்குக் காளான் கடையில்தான் வாங்குகிறீர்களாமே, புதுசாகப் பார்த்து வாங்குங்கள், விளிம்பு சுருண்டிருந்தால் பழசு. நானும் அவளுக்குக் கடையில்தான் வாங்குகிறேன். "உங்ககிட்ட வாங்கினத உங்களுக்கே வித்துடுவேனோன்னு பயமா இருக்கும்மா" என்று காய்கறிக்காரர் சிரிக்கிறார்.

சண்டை போடுகிறோமா என்று கேட்டிருந்தீர்கள். போடாமல் இருப்போமா? நேற்று வாளியை நான் தூக்கியதற்கு ஒரு சண்டை, அதற்கு முந்தின நாள் அவள் நாற்காலியில் ஏறியதற்கு ஒரு சண்டை. ஆனால் சண்டை முடிந்ததும் போய்விட யாருக்கும் இடம் இல்லை, அதனால் கொஞ்ச நேரத்தில் ஒருத்தி டீ போடுகிறாள், இன்னொருத்தி குடிக்கிறாள்.

ராத்திரி குழந்தை உதைத்தபோது என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் கையை எடுக்கவே இல்லை, அவள் அப்படியே தூங்கிவிட்டாள். கை மரத்துப் போனது. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

விடிந்ததும் பழக்கத்தில் தெளிப்பானில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். பூட்டு தொங்குகிறது. சாவி அவள் தலையணைக்கு அடியில். அங்கேயே படியில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்த் தட்டைப் பற்றியும் பப்பாளி வெட்டுவதைப் பற்றியும் இன்னும் நிறைய எழுத நினைத்தேன். அவள் எழுந்துவிட்டாள், பசிக்கிறதாம், எங்கே போனாய் என்று கூப்பிடுகிறாள். நான் போக வேண்டும்.

அத்தை